அரிதாள் எரிப்பும் பசுமை இல்ல வாயுக்களும்: இந்தியா, பாகிஸ்தான் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

கீழ்க்கட்டளை ஏரியின் மிகுநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சென்றடைகின்றது. இவ்வேரிகளின் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது; இன்று அவ்வயல்களில் வீடுகள் நிற்கின்றன. வைக்கோற்போரை நேரிற் காணாத மாணவர் நம்மிடையே பலர். ஆயினும் புகையை நாம் அனைவரும் அறிவோம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. ஒரு நாட்காலைப் புகை இத்துணைத் துன்பம் தருமாயின், வாரக்கணக்கில் வயல்கள் எரியும் நிலப்பகுதியின் நிலை யாது? அத்தீயினால் எழும் வாயுக்களில் இரு நாடுகளின் பங்கை ஒப்பிடுவது எங்ஙனம்? இதனைச் சுருக்கமாக ஆராய்வோம்.

கணக்கிடும் முறை

கதிர் அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தாளை அரிதாள் என்பது தமிழ் மரபு. அது எரியும்போது கரியமில வாயு மிகுதியாக வெளிப்படுகின்றது. எனினும் அடுத்த பயிர் அதே அளவு வாயுவை மீண்டும் உட்கொள்ளும் என்பதால், உலகக் கணக்கில் அது சேர்க்கப்படுவதில்லை. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய இரண்டுமே கணக்கில் வருவன.

ஐக்கிய நாடுகள் சார்ந்த தட்பவெப்ப மாற்றக் குழு 2006இல் வகுத்த நெறிமுறைப்படி, ஓர் எக்டேர் நெல்வயலில் ஏறத்தாழ 5.5 டன் தாள் எரிகின்றது. ஒரு கிலோ தாளுக்கு 2.7 கிராம் மீத்தேனும் 0.07 கிராம் நைட்ரஸ் ஆக்சைடும் வெளிப்படும். ஆகவே ஓர் எக்டேருக்கு மீத்தேன் ஏறத்தாழ 15 கிலோ. நைட்ரஸ் ஆக்சைடு 0.4 கிலோவிற்கும் குறைவு. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கும், நைட்ரஸ் ஆக்சைடு 265 மடங்கும் வெப்பமூட்டும். அவ்வாறு பெருக்கிக் கூட்டினால், ஓர் எக்டேர் எரிப்பு ஏறத்தாழ அரை டன் கரியமில வாயுவிற்கு நிகராகும்.

இரு நாடுகள்

இந்தியாவில் நெல் பயிராகும் பரப்பு ஏறத்தாழ 4.7 கோடி எக்டேர். பாகிஸ்தானில் 30 முதல் 36 இலட்சம் எக்டேர். இரு நாட்டிலும் ஒரே விழுக்காடு வயல்கள் எரிகின்றன என்று கொண்டால், இந்தியாவின் அளவு ஏறத்தாழ 14 மடங்காக இருக்கும். மக்கள்தொகையோ ஏறத்தாழ ஆறு மடங்குதான். எனவே தலைக்கு வகுத்தாலும் இந்தியாவின் பங்கே மிகும். எக்டேருக்கு வகுத்தாலோ இரண்டும் சமம். ஒரே தீயை அளந்து மூன்று விடைகள் பெற்றோம். ஆதலின் மொத்த அளவை மட்டும் காட்டி ஒரு நாட்டைக் குற்றவாளியாக்குதல் ஆய்வு நெறியாகாது.

1947இல் பிரிக்கப்பட்ட பஞ்சாபின் இரு பகுதிகளிலும் தீக்குரிய காரணம் பெரும்பாலும் ஒன்றே. அறுவடை எந்திரம் கதிரைக் கொய்து தாளை விட்டுச் செல்கின்றது. கோதுமை விதைக்க அவகாசமோ குறைவு. இந்தியப் பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றப்பட்ட சட்டம் நாற்று நடவைத் தள்ளிவைத்தது. அதனால் அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட நாள்கள் மேலும் சுருங்கின. நீரைக் காத்த சட்டம் காற்றுக்குச் சுமையாயிற்று. 2024 நவம்பரில் தில்லியிலும் இலாகூரிலும் புகைமூட்டத்தால் பள்ளி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. வாகனம், தொழிற்சாலை முதலியவற்றின் புகையும் அதிற் கலந்திருந்தது. எல்லைக்கோடு காற்றைத் தடுக்கவில்லை.

கணக்கு காட்டாத உண்மை

தென்னாசியாவில் நீர் தேங்கிய நெல்வயல் நாளொன்றுக்கு எக்டேருக்கு 0.85 கிலோ மீத்தேன் வெளியிடுவதாக 2019ஆம் ஆண்டுத் திருத்திய நெறிமுறை கொள்கின்றது. 112 நாள்களுக்கு ஏறத்தாழ 95 கிலோ. எரிப்பினால் வருவதைப்போல் ஆறு மடங்கு. அப்படியாயின் எரிப்பு தீங்கற்றதோ? அன்று. நெஞ்சகத்தை நலிவிக்கும் நுண்துகள்கள் இவ்வாயுக் கணக்கில் இடம்பெறுவதேயில்லை. தட்பவெப்பக் கணக்கில் சிறிதாகத் தோன்றுவது மூச்சுக் கணக்கில் பெரிது. நாடுகளின் அறிக்கையைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தமிழகம் தரும் பாடம்

பஞ்சாபில் கோதுமை வைக்கோலே மாட்டுத் தீவனம். நெற்றாளில் சிலிக்கா மிகுதி என்பதால் அதனை விரும்புவாரில்லை. தமிழகத்திலோ நெல் வைக்கோலே மாட்டின் உணவு. ஆகவே இங்கு அது பெரும்பாலும் எரிக்கப்படாமல் போராயிற்று. எந்திர அறுவடை பரவிய பின்னரும் காவிரிப் படுகையில் வைக்கோலைக் கட்டுகளாக்கி விற்பதைக் காண்கின்றோம். முந்தைய பயிரின் தாளை அடியில் மடக்கி உழுது நடும் வழக்கினாலேயே இரண்டாம் போகத்திற்குத் தாளடி என்னும் பெயர் வாய்த்தது. ஆனால் தாளை மடக்கியவுடன் நீர் தேக்கினால் மீத்தேன் பெருகும். ஒரு திங்களுக்கு மேல் மட்கவிட்டால் அது வெகுவாகக் குறையும். மரபையும் அளந்தறிந்தே போற்ற வேண்டும்.

முடிவுரை

பயன் உள்ள பொருளை எவரும் எரிப்பதில்லை. உழவரைத் தண்டிப்பதினும் தாளுக்கு ஒரு பயனும், அதனை அகற்றச் சில நாள் அவகாசமும், கட்டுகட்டும் எந்திரமும் அளிப்பதே இரு நாட்டிற்கும் ஏற்ற வழி. நம் தெருவில் உதிர்ந்த இலையைக் குவித்துத் தீ மூட்டும் நாமும், பஞ்சாப் உழவரைக் குறை கூறுமுன், கையிலுள்ள தீக்குச்சியை ஒருமுறை நோக்குதல் நலம்.