பறவை காட்டிக்கொடுக்கும் விலங்கு

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டத்தில் உள்ள ஊர் அரிமளம். சிவந்த மண், கண்மாய்கள், கருவேல மரங்கள், முட்புதர்கள், இடையிடையே பரந்து கிடக்கும் தைலமரத் தோட்டங்கள் ஆகியவை இப்பகுதியின் தோற்றம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாயில் நீர் நிற்கும் தை மாதத்தில், நீங்கள் இங்கே பறவை பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி என்று குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்பலாம் என்பது உங்கள் எண்ணமாக இருக்கும். ஆனால் வழியில் ஒரு கீரிப்பிள்ளையோ, உடும்போ, நரியோ எதிர்ப்படக்கூடும். இதைத் தற்செயல் என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அங்கே விலங்கு இருப்பதைப் பறவைகள் முன்னதாகவே அறிவித்திருக்கும். அதைக் கவனிக்க நாம் பழகவில்லை, அவ்வளவுதான்.

கண்மாய்க் கரையில் நீண்ட மஞ்சள் கால்களுடன் நடமாடும் ஆள்காட்டியை நீங்கள் அறிவீர்கள். கண்ணின் முன்னே சிவந்த தசை மடிப்பு இருக்கும். ஆளைக் கண்டதும் கத்திக்கொண்டு வானில் எழும். பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இது திறந்த தரையிலேயே முட்டையிடும் பறவை. ஆகவே மனிதன், நாய், கீரி, உடும்பு எது வந்தாலும் கூச்சலிடும். இப்போது அது கத்துவது உங்களுக்காகவா, வேறொன்றுக்காகவா? நின்ற இடத்திலேயே அசையாமல் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேலேயே வட்டமிட்டால், அது கண்ட விலங்கு நீங்கள்தான்! மெல்லப் பின்வாங்கி விடுங்கள். அருகில் முட்டை இருக்கலாம். மாறாக, தொலைவில் ஒரே இடத்தை நோக்கித் தாழப் பாய்ந்து பாய்ந்து எழுந்தால், அந்த இடத்தில் தரையைக் கவனியுங்கள்.

தவிட்டுக்குருவிகள் இன்னும் நல்ல காவலர்கள். கூட்டமாகச் சருகைக் கிளறி இரை தேடும்போது, ஒன்று மட்டும் சற்று உயரமான கிளையில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பதுண்டு. புதரடியில் பாம்பைக் கண்டால் கூட்டம் முழுவதும் அதைச் சூழ்ந்து இரையும். மைனாவும் கரிச்சானும் சேர்ந்துகொள்ளும். அணில் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தும். பகலில் மரப்பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தைக்கும் இதே வரவேற்புத்தான்.

வல்லூறு பறந்து வந்தால் நிலைமை வேறு. சிறு பறவைகள் பல மெல்லிய, உச்சக் குரலில் ஒரு சீழ்க்கை ஒலித்துவிட்டு இலைகளுக்குள் அடங்கிவிடும். இந்த இருவகைக் குரல்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பீட்டர் மார்லர் என்ற அறிவியலார் 1955இல் ஆராய்ந்து எழுதினார். ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை எப்படி அறிகிறோம்? இரு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டுதான். படிப்படியாகத் தொடங்கி, ஒரே உச்சச் சுருதியில் மெல்ல முடியும் சீழ்க்கையில் இந்தத் துப்பு மிகக் குறைவு. கத்தியவனைப் பருந்தினம் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கரகரப்பான கூச்சலோ சட்டென்று தொடங்குகிறது. தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பல அதிர்வெண்கள் அதில் கலந்துள்ளன. திசை உடனே தெரிந்துவிடும். துணைக்கு ஆள் சேர்க்க அதுதானே வேண்டும்? நமக்கும் அதுவே வழிகாட்டி. கண்ணை மூடிக்கொண்டு, ஒலி வந்த திசையில் கையை நீட்டிப் பழகுங்கள். சில நாட்களில் கை தவறாது.

எதிரி இது என்று பறவைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஜெர்மனியில் கூரியோவும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட சோதனை மிகவும் சுவையானது. ஐரோப்பியக் கருங்குருவிகள் இரண்டை எதிரெதிர்க் கூண்டுகளில் வைத்து, நடுவே ஒரு பெட்டியை அமைத்தார்கள். ஒன்றுக்கு ஆந்தை தெரியும். மற்றதற்கோ தீங்கற்ற வேறொரு பறவையின் உருவம் மட்டுமே தெரியும். முதலாவது ஆந்தையைக் கண்டு கத்த, இரண்டாவது தன் முன்னுள்ள அப்பாவி உருவமே எதிரி என்று கற்றுக்கொண்டது! பிறகு அது தானாகவே அந்த உருவத்தைக் கண்டு கத்தியது. தன்னைப் பார்த்த பறவைகளுக்கும் அந்தப் பாடத்தைக் கற்பித்தது. ஒரு பிளாஸ்டிக் புட்டியைக்கூட இப்படி எதிரியாக்க முடிந்தது.

குரலை முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் உள்ள ஒருவகைக் கரிச்சான், பொய் எச்சரிக்கை எழுப்பி மற்ற விலங்குகளை ஓடவைத்து, அவை போட்டுவிட்டுப் போகும் இரையைத் தின்கிறது.

இனி முக்கியமான செய்தி. பறவைகள் இரையும் இடத்தில் இருப்பது கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். பறவை பார்ப்பவரின் கண் கிளையில் இருக்கும்; கால் சருகில் இருக்கும். ஆபத்து இங்கேதான். நடக்கும்போது தரையைப் பாருங்கள். நின்ற பிறகே மரத்தைப் பாருங்கள். காலணியின்றிப் போக வேண்டாம்; புதருக்குள் கையை விட வேண்டாம். தொடர்ந்து உரத்த சீறல் கேட்டால் வந்த வழியே பின்வாங்குங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து உண்டு. அதைத் தயாரிக்க நஞ்சு எடுத்துத் தருவதில், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

உடும்பையோ ஆமையையோ கண்டால் கையில் எடுக்காதீர்கள். உடும்பு, நட்சத்திர ஆமை முதலியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை.

முட்புதர் அடர்ந்த கண்மாய்க் கரையில் ஒரு காலை, தைலமரத் தோட்டத்தில் ஒரு காலை என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பறவை முதலில் கத்தியது, எந்தப் பக்கம் பார்த்தது, எத்தனை இனங்கள் சேர்ந்துகொண்டன, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன விலங்கு வெளிப்பட்டது என்று எழுதுங்கள். ஒன்றும் வெளிப்படாத நாளும் உண்டு. அன்று “எதுவும் தென்படவில்லை” என்றே நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள்.