நெல் கருகலைத் தாக்கும் வைரஸ்

குளச்சல் வட்டாரத்தில் கும்பப்பூ மழைநாளில் நெல் இலையின் ஓரம் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாகும். அந்தப் பாக்டீரியாவுக்கும் ஓர் எமன் உண்டு: 1917-ல் டெரெல் என்ற விஞ்ஞானி 'பாக்டீரியோபேஜ்' எனப் பெயரிட்ட வைரஸ்.

பூட்டுக்குச் சாவிபோல, தனக்குரிய பாக்டீரியாவின் மேல்சுவரில் மட்டுமே அதன் வால் நார்கள் ஒட்டும். பின் தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பல்கிப் பெருகி, செல்லை வெடிக்கச் செய்து வெளிவரும். பயிருக்கும் அசோஸ்பைரில்லத்துக்கும் தீங்கில்லை.

ஆனால் இலைமேல் வெயில் பட்டால் பேஜ் விரைவில் செயலிழந்துவிடும். எனவே அதையே நம்பியிருக்கலாகாது. யூரியாவைப் பிரித்து இடவும். நோய்கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடக்கூடாது. நோய் தோன்றியதும் 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கவும்.