உப்பளத்து ஊரில் அழுகண்ணி வளருமா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில் இருக்கிறது சாகுபுரம். பக்கத்தில் கடல், சுற்றிலும் உப்பளங்கள். இத்தகைய ஊரில் பூச்சியுண்ணும் செடியை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் செடியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும்.

ஏன் தெரியுமா? இச்செடிகள் சத்துக் குறைந்த ஈரமண்ணில் வாழப் பழகியவை. மாவுச்சத்தை மற்றச் செடிகளைப் போல ஒளிச்சேர்க்கையால் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பூச்சியிடமிருந்து பெறுகின்றன. எனவே பூச்சி அவற்றுக்குச் சோறன்று, உரம்! உப்பு மிகுந்த நீரை ஊற்றினால் வேர் கெட்டுச் செடி மடிந்துவிடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கரண்டியில் மழைநீரும், மற்றொன்றில் கிணற்று நீரும் எடுத்து, பெரியவர் துணையுடன் வற்றக் காய்ச்சுங்கள். கிணற்று நீர்க் கரண்டியில் வெண்மையான படிவு தங்கும். தொட்டியிலும் இதுவே நடக்கிறது. நீர் ஆவியாகிறது, உப்பு நாள்தோறும் சேர்கிறது. கொதிக்க வைத்து ஆற்றிய நீரும் பயன்படாது; கொதிப்பதால் உப்பு நீங்குவதில்லை. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைநீரைச் சேமியுங்கள். பாத்திரத்தைத் துணியால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிடில் கொசு பெருகும்.

எந்தச் செடி ஏற்றது? அமெரிக்காவின் வீனஸ் பூச்சிப்பொறிக்குக் குளிர்கால ஓய்வு தேவை. நீலகிரியின் டிரோசிரா பெல்டேட்டா மலைக் குளிருக்குப் பழகியது. நம் சமவெளிக்கு ஏற்றது டிரோசிரா பர்மானி. இலையின் உரோமங்களில் பிசின் துளிகள் கண்ணீர்போல் மின்னுவதால் டிரோசிராவை அழுகண்ணி என்றும் அழைப்பர்.

ஓட்டையிட்ட பிளாஸ்டிக் குவளையில், மழைநீரில் பலமுறை அலசிய ஆற்றுமணலையும் தென்னைநார்த் துகளையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணல் கூடாது. சாணமும் உரமும் கூடாது. தூள் போன்ற விதைகளை மேலாகத் தூவுங்கள். மண்ணால் மூட வேண்டாம். குவளையை ஒரு சென்டிமீட்டர் மழைநீர் உள்ள தட்டில் வையுங்கள். காலை வெயில் நன்றாகப் படட்டும். கோடையில் நண்பகல் நிழல் தேவை. இது குறுகிய ஆயுள் கொண்ட செடி. பூத்தபின் வாடினால் வருந்தாதீர்கள். விதைகளைச் சேகரித்து மீண்டும் விதையுங்கள்.

செடி வளர்ந்ததும், ஓர் இலையில் மணல் துணுக்கையும் மற்றோர் இலையில் இறந்த கொசுவையும் வையுங்கள். எந்த இலையின் உரோமங்கள் நெடுநேரம் வளைந்தே இருக்கின்றன? நேரத்தைக் குறித்து வாருங்கள். இத்தகைய சோதனைகளைச் செய்து சார்லஸ் டார்வின் 1875இல் ஒரு நூலே வெளியிட்டார்.

ஒன்றை மறவாதீர்கள். காட்டில் காணும் செடியைப் பிடுங்கிவராதீர்கள். வளர்ப்பவர்களிடம் விதை பெறுங்கள். உங்கள் செடி தரும் விதைகளை நண்பர்களுக்கும் கொடுங்கள்.