ஜப்பானியரிடம் நாலு வார்த்தை



சரக்குப் பேசுமுன் சுகம் பேசுவது நம்மவர் வழக்கம். "ஊரில் மழையுண்டா? வாப்பா சுகமா?" என்று கேட்ட பிறகே விலைக்கு வருவோம். ஜப்பானியரிடமும் இவ்வழக்கம் உண்டு, முறைதான் வேறு. அதை அறியாமல் நான் நஷ்டப்பட்டேன். ஆகவே இப்பாடம்.

1. காலையில் "ஓஹாயோ கொஸாய்மஸ்", பகலில் "கொன்னிச்சிவா", இருட்டியபின் "கொன்பன்வா". சற்றே தலை தாழ்த்திச் சொன்னால் போதும்.

2. பேச்சைத் துவக்க வெயிலும் குளிருமே உத்தமம். வெயிலானால் "அட்சுய் டெஸ் நே". குளிரானால் "சமுய் டெஸ் நே". ‘நே’ என்பது நம் ‘இல்லையா’ போன்றது. அவர் சொன்னால் நாம் "ஸோ டெஸ் நே", அதாவது ‘ஆமாம், அப்படித்தான்’ என்போம். "இதென்ன வெயில், எங்கள் ஊருக்கு வந்து பாரும்" என்று வாதிடலாகாது. இருவரும் ஒன்றை ஒப்புக்கொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

3. தெருவில் தெரிந்தவர் "ஓடெகாகே டெஸ் கா?" என்பார். வெளியே புறப்பாடா என்று பொருள். மலாய்க்காரர் "பெர்கி மானா?" என்பது போலத்தான். "சோட்டோ ஸோகோ மாடே" (இதோ, பக்கத்தில்தான்) என்றால் போதும். போகுமிடத்தை விவரிக்க வேண்டியதில்லை.

4. நாம் இரண்டு வார்த்தை பேசியதும், "நிஹோங்கோ ஜோஸு டெஸ் நே", உங்கள் ஜப்பான் மொழி நன்றாயிருக்கிறது என்பார்கள். அது உபசாரம். "இயே, மாடா மாடா டெஸ்" (இல்லை, இன்னும் போதாது) என்று பணிவாய்ச் சொல்லுங்கள்.

5. பிறர் பெயரோடு ‘ஸான்’ சேர்க்க வேண்டும். தம் பெயரோடு சேர்த்தால் சிரிப்பார்கள்.

6. ஒஸாகா பழைய வியாபார நகரம். அங்குள்ள வியாபாரிகளின் பழைய விசாரிப்பு "மோகாரிமாக்கா?" அதாவது, லாபம் வருகிறதா? பதில், "போச்சி போச்சி டென்னா". நம் காதுக்கு முதலே போய்விட்டதுபோல் கேட்கும்! பொருளோ, ‘ஏதோ நடக்கிறது’ என்பதுதான். இன்று இதை வேடிக்கையாகவே சொல்வார்கள்.

இனி என் கதை. 2016ல் மசாலா மாதிரிப் பொட்டலங்களுடன் ஒஸாகா போனேன். ஒரு மொத்த வியாபாரி நான் பேசப் பேச "ஹாய், ஹாய்" என்றார். ‘ஹாய்’ என்றால் ‘ஆம்’ என்று படித்திருந்தேன். முடிவில் "கங்காயெத்தே ஒகிமாஸ்" (யோசித்து வைக்கிறேன்) என்று வணங்கி அனுப்பினார். ஊர் திரும்பியதும் கூட்டாளியிடம் ஆர்டர் வருமென்று சொல்லி, இருபது மூட்டை மல்லி கொள்முதல் செய்தேன். மூன்று மாதம் பார்த்தும் கடிதம் வரவில்லை. கடைசியில் அடிவிலைக்குத் தள்ளினேன்.

மறுமுறை கோபே பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதேன். இந்திய முஸ்லிம் வியாபாரிகளும் பொருளுதவி செய்து, 1935ல் திறந்த பள்ளி அது. அங்கு நெடுநாள் வாழும் சகோதரர் ஒருவர் என் கதையைக் கேட்டுச் சொன்னார்: "பேச்சின் நடுவே வரும் ‘ஹாய்’ என்றால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’. ‘யோசித்து வைக்கிறேன்’ என்றால் பெரும்பாலும் ‘வேண்டாம்’. ‘சோட்டோ...’ என்று இழுத்து நிறுத்தினாலும் அப்படியே. முகத்துக்கு நேரே மறுப்பது அவர்களுக்குச் சங்கடம்."

அவர் என்னை ஏமாற்றவில்லை, எனக்குத்தான் விளங்கவில்லை. நாமும் கடன் கேட்பவரிடம் "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவதில்லையா? எழுத்தில் ஆர்டர் வரும்வரை மூட்டை கட்டாதீர்கள். நாலு வார்த்தை பேசுங்கள். அதைவிடக் கவனமாய்க் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.