மரம் விழுந்து அடிபட்டால்…

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கொல்லிமலைப் பாதையில் மரம் விழுந்து அடிபட்டால், சிகிச்சைக்கு அடுத்த வேலை போட்டோதான். மரத்தை அறுத்து அகற்றும் முன்பே எடுத்துவிடுங்கள். அடிமரம் செல்லரித்திருந்தால், வேர் அழுகியிருந்தால் கிட்டத்தில் போய் எடுங்கள்; பராமரிப்பில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டெல்லியில் 1964-ல் ஸ்கூட்டரில் போனவர் தலையில் கிளை விழுந்து இறந்த வழக்கில், மாநகராட்சிதான் பொறுப்பு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. போலீஸில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். மருத்துவச் சீட்டுகள் பத்திரம். உயிரே போயிருந்தால் குடும்பத்தார் 2 ஆண்டுக்குள் நஷ்டஈடு வழக்குப் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள்.