உப்புப் பொட்டலத்தில் ஒரு தேதி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது காண்கிற பாத்திகளிலே, மழைக்காலம் ஒழிந்த பின் விளையத் தொடங்கி லாரி ஏறுகிற அந்த வெள்ளைப் பொருள்தான், இருதய நோயைத் தடுப்பது குறித்த இக்கால ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அளந்தறியத்தக்க ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று காட்டிற்று. அவற்றில் ஒன்றான இரத்த அழுத்தத்தை, உப்பைக் குறைத்து அடுக்களையிலிருந்தே தணிக்கத் தொடங்கும் மார்க்கத்தை இங்கே சொல்கிறேன்.

முதற்காரியம் அளப்பது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பிரமாணம். நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் அளவுக்கு உண்கிறோம். ஆனால் கையளவில் அள்ளிப் போட்டே பழகிய நம் பெண்டிரிடம் கிராம் கணக்குப் பேசிப் பிரயோஜனமில்லை. ஆகையால் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்றே அதன்மேல் தேதியை எழுதுங்கள். தீர்ந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நால்வர் உண்ணும் வீட்டில் அது முப்பது நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்குச் சற்று மேலாகிறது. ஐம்பது நாள் வந்தால் 5 கிராம். ஊறுகாய் போடவும் மீன் கழுவவும் எடுத்ததைத் தனியே கழிக்காவிட்டால் கணக்குப் பிசகும். டீக்கடை பஜ்ஜியின் உப்போ இந்தக் கணக்கிலேயே வராது. ஒரேயடியாகக் குறைத்து வீட்டாரின் கோபத்துக்கு ஆளாகாமல், பொட்டலத்துக்குப் பொட்டலம் நான்கைந்து நாள் நீட்டிக்கொண்டு போனால் நாக்கு தானே இணங்கிவிடும்.

கல்லுப்பு இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை என்ற அபிப்பிராயம் இக்கரையில் பலமாக உண்டு. கல்லானாலும் தூளானாலும் அது சோடியம் குளோரைடுதான். பாத்தியிலிருந்து நேரே வீட்டுக்கு வருவதில் அயோடின்கூடச் சேர்ந்திராது.

அடுத்தது, எங்கே குறைப்பது என்பது. கடலோர வீட்டில் கருவாட்டையே முதலில் கவனிக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, மறுபடி நல்ல நீரில் அலசி, குழம்பு கொதித்து ருசி பார்த்த பிறகே உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். படகு கரைக்கு வரும் நாட்களில் பச்சை மீனே உத்தமம். சோற்றில் உப்புப் போடுவதை விட்டுவிடலாம். கஞ்சிக்கு ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் ஒருங்கே வேண்டியதில்லை, ஒன்று போதும். புளியும் மிளகும் பூண்டும் எலுமிச்சையும் உப்பின் குறையைப் பெரிதும் மறைத்துவிடும்.

சீனத்தின் 600 கிராமங்களில், பக்கவாதம் கண்டவர்களும் அழுத்தம் மிகுந்த முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சோடியம் குளோரைடு முக்கால் பங்கும் பொட்டாசியம் குளோரைடு கால் பங்கும் கலந்த மாற்று உப்பை உண்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. எனினும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தும் சில அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும், மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது.

உப்பு வாருகிறவர்கள் கதை வேறு. வெயிலில் வேர்த்துக் கொட்டுகிற தேகத்துக்கு உப்பைக் கடுமையாகக் குறைக்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட அவசரமானது தண்ணீர், தாகம் எடுக்கக் காத்திராமல் கால்மணிக்கு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர். தமிழக உப்பளங்களில் வெப்பத்தின் தீங்கை ஆராய்ந்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், தொழிலாளர் சிலரிடம் சிறுநீரகத்தின் திறன் குன்றியிருக்கக் கண்டனர். கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வதைப் பழக்கக் குற்றமென்று அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். உப்பளம் நடத்துவோர் எழுப்பித் தரவேண்டிய நான்கு சுவர் அது.

பீடியை விடுவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை: விட வேண்டும். நடை, உட்கார்ந்து தொழில் செய்வோருக்கே பெரும்பாலும் சொல்லத் தகும். நாளெல்லாம் பாத்தியில் நிற்பவருக்கு ஓய்வே மருந்து.

கடைசியாக, பலனைப் பார்ப்பது. அழுத்தம் பார்க்குமுன் அரைமணி நேரம் டீயும் பீடியும் ஆகா. ஐந்து நிமிஷம் சாய்ந்து அமர்ந்து, கையை மார்பு மட்டத்தில் வைத்து, பேசாமல், இருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல நாள் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேலென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். 2021 முதல் நடந்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. உப்பைக் குறைத்து எண் இறங்கிவிட்டதே என்று அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், தேதி எழுதிய கணக்கையும் அழுத்தம் குறித்த தாளையும் மருத்துவரிடம் காட்டினால், அளவைக் குறைக்கலாமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.