தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் கேட்டதை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். பேச்சில் சொன்னால் பாதி உனக்கும் பாதி காற்றுக்கும் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாடி அறையில் ஆலோசனை மையம் திறந்து மூன்று மாதமாகியும் ஆறு பேர்தான் படியேறினார்கள் என்று வருத்தப்பட்டாய். பாட்காஸ்ட் தொடங்கினால் ஆள் வருவார்களா, அதற்குப் பத்தாயிரம் பேராவது கேட்க வேண்டுமாமே என்றும் கேட்டாய். தொடங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை முதலில் மறந்துவிடு.

உன் படியேற ஏன் தயங்குகிறார்கள் என்று யோசித்துப் பார். நம் கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் போகும் சாலையில்தான் பாகாயம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடத் தங்கிக் கவனிக்கும் முறைக்குப் பேர் பெற்ற இடம். அவ்வளவு நல்ல இடம் பக்கத்திலேயே இருந்தும் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவாகத்தான் புழங்கியது. 'உன்னைப் பாகாயத்துக்கு அனுப்பணும்' என்றால் பைத்தியம் என்று பொருள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று உன் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் நடக்கிறார்கள். பலகையைப் பெரிதாக்கினால் இந்தக் கூச்சம் குறையாது. நோட்டீஸ் அடித்தால் கூடத்தான் செய்யும், ஏனென்றால் நோட்டீஸை நான்கு பேர் பார்க்கத்தான் கையில் வாங்க வேண்டும்.

குரலை அப்படி யாரும் பார்ப்பதில்லை. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் தாம்பத்தியம் பற்றிய கேள்விகளுக்குத் தமிழில் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். பெரிய காரியம் அது. ஆனால் டிவி கூடத்தில் இருந்தது. மாமனார் உள்ளே வந்தால் சேனலை மாற்ற வேண்டும். காதுக்குள் ஒலிக்கும் குரலுக்கு அந்தப் பயமில்லை. தார் சுற்றிக்கொண்டே ஒரு பெண் உன் பேச்சைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டு கேட்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நெசவாளிக்குக் கண்ணும் கையும் காலும் தறியில் மாட்டிக்கொண்டிருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். உன் தாத்தா குழித்தறிக்கு மேலே விட்டத்தில் ரேடியோவைத் தொங்கவிட்டிருந்தார். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா பேசினால் மிதியின் வேகமே மாறும். ராஜாவைத் தாத்தா பார்த்ததில்லை, ஆனால் 'ராஜா சொன்னான்' என்று வீட்டு மனிதரைப் போலச் சொல்வார். தினமும் கேட்ட குரல் அந்நியம் இல்லாமல் போய்விடுகிறது. இன்று ரேடியோ இருந்த இடத்தில் போன் இருக்கிறது, அவ்வளவுதான். 'பாட்காஸ்ட்' என்ற சொல் 2004-இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் பிறந்தது. வலையொலி என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். ஆனால் தறிமேட்டில் இருப்பவருக்கு அது பழைய பழக்கம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மனசு வைத்துக் கேட்டால் ஒரு நாளில் உன்னால் ஐந்து பேருக்கு மேல் கேட்க முடியாது. வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம். வருகிறவர்கள் ஒரு தடவையோடு நிற்பதில்லை, ஐந்தாறு வாரமாவது வருவார்கள். ஆக, மாதத்துக்குப் புதிதாகப் பதினைந்து இருபது பேர் வந்தாலே உன் நேரம் நிரம்பிவிடும். இதற்குக் கோயம்புத்தூரிலும் கனடாவிலும் எதற்குக் கேட்க வேண்டும்? ஆரணி, சந்தவாசல், படவேடு, போளூர், கணியம்பாடி, இந்த வட்டத்துக்குள் முந்நூறு பேர் கேட்டால் போதும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து ராத்திரி தூக்கம் கெடாதே. வருகிறவரிடம் 'எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வை. அந்த நோட்டுதான் உன் கணக்கு.

அமெரிக்காவில் அட்லாண்டாவில் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்டு என்ற உளவியலர் இருக்கிறார். 2014-இல் எழுதத் தொடங்கி, 2017-இல் வலையொலிக்கு வந்தார். எல்லோருக்கும் பேசாமல் கறுப்பினப் பெண்களுக்காகப் பேசுகிறேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். கேட்கிறவர்கள் தங்கள் ஊரில் யாரிடம் போகலாம் என்று தேடிக்கொள்ள ஒரு பெயர்ப்பட்டியலும் வைத்தார். தன்னிடம்தான் பேசுகிறார் என்று ஒருத்தி உணர்ந்த பிறகு அவள் அடுத்த அடி வைப்பதற்கு வழியும் அருகிலேயே இருந்தது. நீ கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். உன் முதல் வரியிலேயே ஊரும் ஆளும் வந்துவிட வேண்டும். 'தறியில உட்கார்ந்துகிட்டு, தார் சுத்திக்கிட்டு இதைக் கேட்கிறீங்களா? கண்ணமங்கலத்திலேர்ந்து பேசறேன்' என்று தொடங்கு.

தலைப்பு வைக்கும்போது பாடப்புத்தகத்தை மூடிவிடு. 'பதற்றக் கோளாறு', 'மனச்சோர்வு நோய்' என்றெல்லாம் நம் ஜனம் தன் கஷ்டத்துக்குப் பெயர் வைப்பதில்லை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, சோறு இறங்கல, கை கால் மதமதங்குது, பையன் யார்கிட்டயும் பேசமாட்டேங்கறான் என்கிறார்கள். இவைதான் உன் தலைப்புகள். முன்பணம் வாங்கிவிட்டு அடைக்க முடியாதவரின் ராத்திரி, குடிக்கிற கணவனோடு ஒரே தறியை நம்பி வாழ்கிற பெண், நீட் எழுதித் தோற்ற பிள்ளையின் அறைக்கதவு, இடுப்புவலி மாத்திரையில் தீராமல் வருஷக்கணக்காக இழுப்பது என்று ஒரு வருஷத்துக்குத் தெருவிலேயே விஷயம் கிடைக்கும். படவேட்டு அம்மனிடம் போய்விட்டு வந்தேன் என்று சொல்கிறவரை உன் குரல் சிறுமைப்படுத்தக் கூடாது. கோயிலுக்கும் போகட்டும், இங்கேயும் வரட்டும் என்று சொல். நம்பிக்கையை இடித்துவிட்டு மனசைக் கட்ட முடியாது என்பதை என் இருபது வருஷ ஆலோசனை வேலையில் கண்டேன்.

பதிவு செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதே. சட்டையில் குத்துகிற சின்ன மைக் போதும். பட்டுப்புடவை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டுப் பேசினால் எதிரொலி அடங்கும். பெரும்பாலும் உன் பதிவு எந்தச் செயலியிலும் தேடப்படாது. ஒருவர் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார். ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் அளவில் வைத்தால் பத்து நிமிஷப் பேச்சு ஐந்து எம்பிக்குள் அடங்கும். அப்படித் தனியாகச் சுற்றும் கோப்பில் படமோ விளக்கமோ கூட வராது. அதனால் நீ யார், எங்கே இருக்கிறாய், எப்போது வரலாம் என்பதைப் பேச்சுக்குள்ளேயே சொல்லிவிடு. நீ மருந்து எழுதுகிறவள் இல்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவாய் என்பதும் ஒவ்வொரு முறையும் வர வேண்டும். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவரை 'மருத்துவ உளவியலர்' என்று சொல்லிக்கொள்ளாதே. பதிவு முடிந்ததும் அண்ணன் தறி ஓட்டும்போது ஜக்கார்டு பெட்டிக்குக் கீழே போனை வைத்துக் கேட்கச் சொல். அந்தச் சத்தத்தில் உன் சொல் புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து மறுபடி பேசு.

அடுத்ததை இரண்டு தடவை படி.

பல வருஷம் முன்பு ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கதையை உதாரணமாகச் சொன்னேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றினேன். ஆனால் பகலில் நெய்ததை ராத்திரி எழுந்து பிரித்துவிடுவாள் என்ற ஒன்றை மட்டும் மாற்றவில்லை. மனசைத் தொடுகிற விவரம், விட மனமில்லை. கேட்டவர்களில் ஒருவருக்கு அந்த வீட்டைத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் உரிமையையும் நான் இழந்துவிட்டேன்.

நம் ஊரில் பாவின் நிறம், முந்தியில் போட்ட புட்டா, யாரிடம் கூலிக்கு நெய்கிறார் என்பதெல்லாம் கைரேகை போல. எவ்வளவு மாற்றினாலும் ஆள் தெரிந்துவிடும். எஸ்தர் பெரல் என்ற நியூயார்க் ஆலோசகர் 2017 முதல் தம்பதிகள் அவர் முன் பேசுவதையே வலையொலியாக வெளியிடுகிறார். அவர்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு அமர்வு, பெயரெல்லாம் நீக்கி. அங்கே நல்ல பலன் தந்த முறைதான், ஆனால் நீ அதைத் தொடாதே. பெரிய நகரத்தில் குரல் தொலைந்துபோகும். இங்கே குரலை வைத்தே எந்தத் தெரு என்று சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படமோ வேறு தகவலோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது. சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது. நான் ஒரு படி மேலே சொல்கிறேன், கேட்கவே கேட்காதே. ஆறுதல் தேடி வந்தவரால் உன்னிடம் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. 'இவரிடம் போய் எனக்குக் குணமாயிற்று' என்று யாரையும் பேச வைப்பதும் அதே தப்புதான். உதாரணம் வேண்டுமானால் உன் வாழ்க்கையிலிருந்து எடு, அதுவும் ஆறிப்போன காயமாக இருக்கட்டும். இல்லையென்றால் ஊரில் எல்லோருக்கும் நடப்பதைப் பொதுவாகச் சொல்.

கேட்டவர்கள் குரல் செய்தி அனுப்புவார்கள். 'எனக்கு இப்படி இருக்கு, என்ன நோய்?' என்பார்கள். வாட்ஸ்அப்பில் நோய்க்குப் பெயர் வைக்காதே. 'நேரில் வாங்க, இல்லைன்னா நேரம் குறிச்சுக்கிட்டுப் பேசுங்க' என்பதோடு நிறுத்திக்கொள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் சாவதைப் பற்றிச் செய்தி அனுப்பினால் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். அதனால் ஒவ்வொரு பதிவின் முடிவிலும், உன் எண்ணுக்கு முன்னால், 14416 என்ற எண்ணைச் சொல். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'சினேகா' இத்தனை காலமாகச் செய்துவருவதும் இதுதான், உயிர் ஊசலாடும் நேரத்தில் காது கொடுத்துக் கேட்பது. உன்னிடம் ஒருத்தரும் வராமல் அந்த எண்ணால் ஒரு உயிர் பிழைத்தாலும் உன் வலையொலி வேலை செய்ததாகவே எடுத்துக்கொள்.

உன் குரல் கேட்டு வருகிறவர் அறைக்குள் நுழையும்போது ஒன்று நடக்கும். ஆறு மாதம் உன்னைக் கேட்டவருக்கு நீ பழகியவள். உனக்கோ அவர் புதியவர். 'உங்க பாட்டி இறந்தப்ப நீங்க அழலன்னு சொன்னீங்களே' என்று தொடங்குவார். திகைக்காதே, பேச்சு உன் பக்கம் திரும்பவும் விடாதே. 'அதைக் கேட்டப்ப உங்களுக்கு என்ன தோணிச்சு?' என்று கேள். அவர் எதற்காகப் படியேறினாரோ அது வெளியே வரும்.

முதல் ஆறு மாதம் யாரும் வராமல் போகலாம். அதற்குள் கிராம செவிலியர், பள்ளி ஆசிரியர்கள், கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்துபோகிறவர்கள் கேட்டிருந்தால் அவர்கள் ஆளை அனுப்புவார்கள். அவர்களுக்கு நேரில் போய் ஒரு பதிவைக் கேட்கக் கொடு. பதினைந்து நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும், ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும். நாள் தவறாத குரலைத்தான் ஜனம் நம்பும்.

வருகிற அமாவாசைக்கு நம் தெருவில் தறி நிற்கும். விடியலில் சத்தமிருக்காது. தூக்கம் வராதவர்களுக்காக முதல் பதிவை அன்றைக்கே பேசி முடித்துவிடு. யாருக்கும் அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு. கேட்டுவிட்டு அன்று மாலையே கூப்பிடுகிறேன்.

உன்,
அத்தை